ஹெலன் கெல்லர்: விரல்களால் பேசிய பெண்ணின் வார்த்தைகளை உலகம் நம்பியதா?

ஹெலன் கெல்லர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு அடிபம்பு. கண் தெரியாத, காது கேட்காத ஒரு சிறுமி. ஒரு கையில் தண்ணீர் கொட்டுகிறது. இன்னொரு கையில் ஆசிரியை ஏதோ எழுத்துகளைப் போடுகிறார். சட்டென்று சிறுமிக்குப் புரிந்துவிடுகிறது.

1962ல் வந்த 'தி மிராக்கிள் வொர்க்கர்' படம் இந்தக் காட்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அமிதாப் பச்சன், ராணி முகர்ஜி நடித்த 'பிளாக்' இந்திப் படத்துக்கும் தூண்டுதல் இவர் வாழ்க்கைதான்.

ஆனா அடிபம்பு பக்கத்தில் நின்றபோது ஹெலனுக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு இன்னும் 81 வருஷம் வாழ்ந்தார். புத்தகம் எழுதினார், கட்சியில் சேர்ந்தார், காதலித்தார், நாடு நாடாகச் சுற்றினார். அத்தனை வருஷமும் ஒரு கேள்வி அவரை விடாமல் துரத்தியது: இந்தப் பெண் சொல்வதெல்லாம் இவருடைய சொந்த வார்த்தைதானா?

எல்லோரும் வாயால் என்ன செய்கிறார்கள்?

1880 ஜூன் 27ம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்ற சிற்றூரில் பிறந்தார் ஹெலன். அப்பா ஆர்தர் கெல்லர், உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் படையில் கேப்டனாக இருந்தவர், பிறகு பத்திரிகை ஆசிரியர். அம்மா கேட்.

19 மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல். மூளைக் காய்ச்சல் என்றார்கள் அன்றைய டாக்டர்கள். காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளில்தான் தெரிந்தது, குழந்தைக்குப் பார்வையும் கேட்கும் திறனும் போய்விட்டன என்று.

அதன் பிறகான ஐந்து வருஷத்தை ஒரே இருட்டு என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது முழு உண்மை இல்லை. ஹெலன் தனக்கென்று சைகைகளை உருவாக்கிக்கொண்டார். ரொட்டி வேண்டுமென்றால் ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவுவது போலக் காட்டுவார். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் செய்யும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவது போலச் செய்துவிட்டு, குளிரில் நடுங்கிக் காட்டுவார். இப்படிச் சுமார் 60 சைகைகள்.

இதையெல்லாம் நன்றாகப் புரிந்துகொண்டவர் யார் தெரியுமா? வீட்டுச் சமையல்காரப் பெண்ணின் மகள், மார்த்தா வாஷிங்டன் என்ற கறுப்பினச் சிறுமி. ஹெலனோடு முதன்முதலில் 'பேசியவர்' என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த மார்த்தாவைத்தான் சொல்ல வேண்டும். படங்களில் இவருக்குப் பெரிதாக இடம் கிடைப்பதில்லை.

சைகைகள் இருந்தும் ஹெலனுக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் தன்னைப் போலக் கையை ஆட்டுவதில்லை, வாயால் ஏதோ செய்கிறார்கள் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இருவர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் போய் நின்று அவர்கள் உதடுகளைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு தானும் உதட்டை அசைப்பார். ஒன்றும் நடக்காது. உடனே கோபம் வந்து, களைத்துப்போகும் வரை உதைத்து அலறுவார். ஒருமுறை அம்மாவை மளிகைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கதவைத் தட்டும் அதிர்வை வெளியே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

20 வயது ஆசிரியை செய்தது என்ன?

கேட் கெல்லருக்கு ஒரு புத்தகத்திலிருந்துதான் நம்பிக்கை வந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் அமெரிக்கப் பயணம் பற்றி எழுதிய நூலில், லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தார். லாராவுக்கும் பார்வை இல்லை, காது கேட்காது. ஆனாலும் பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் விரல் எழுத்து வழியாகப் படித்தவர்.

விரல் எழுத்து என்பது என்ன? ஆங்கிலத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரல் அமைப்பு உண்டு. காது கேட்காதவர் அதைக் கண்ணால் பார்த்துப் படிப்பார். கண்ணும் தெரியாதவர் என்றால், அவரது உள்ளங்கைக்குள் எழுத்து எழுத்தாகப் போட வேண்டும். ஸ்பெயினில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த முறை இது. 1620லேயே இதை விளக்கி அங்கே புத்தகம் வந்துவிட்டது.

பெற்றோர் ஹெலனை அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் அழைத்துப் போனார்கள். ஆமாம், டெலிபோன் பெல் தான். காது கேளாதோருக்குக் கற்பிப்பது அவரது இன்னொரு முகம். அவர் பெர்கின்ஸ் பள்ளியைக் கைகாட்ட, பள்ளி ஆன் சல்லிவனை அனுப்பி வைத்தது. 1887 மார்ச் 3ம் தேதி டஸ்கம்பியா வந்து இறங்கியபோது ஆனுக்கு வயது 20. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பெண். ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர், தம்பியை அங்கேயே பறிகொடுத்தவர். கண் நோயால் அவருக்கே பார்வை பாதிதான்.

முதல் நாளே ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் பெயரை ஹெலனின் கையில் எழுதினார் ஆன். ஹெலனும் திருப்பிப் போட்டுக் காட்டினார். ஆனா அது ஏதோ விரல் விளையாட்டு என்றுதான் நினைத்தார். இன்னும் சில வார்த்தைகள் வந்தன. அர்த்தம் வரவில்லை. குவளை என்பதற்கும் அதற்குள் இருக்கும் தண்ணீர் என்பதற்கும் குழப்பம். எரிச்சலில் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தார்.

ஏப்ரல் 5. அடிபம்பு. அன்று சாயங்காலத்துக்குள் சுமார் 30 வார்த்தைகள். அந்தக் காட்சி உங்களுக்குத் தெரியும், நீட்ட வேண்டாம். ஆனா அதற்கு அடுத்து நடந்தது பலருக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்த ஹெலன், தான் உடைத்த பொம்மை நினைவு வந்து, துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்ட வைக்கப் பார்த்தார். முடியவில்லை. அழுதார். செய்த காரியத்துக்காக வருந்தியது அதுதான் முதல் தடவை என்று பிற்காலத்தில் எழுதினார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் சில நாட்களில் நடந்தது. ஹெலனின் உறவுக்காரக் குழந்தை ஒன்று, வயது 15 மாதம். அந்தக் குழந்தை பேசக் கற்பதை ஆன் கவனித்தார். யாரும் அதற்கு வார்த்தை வார்த்தையாகப் பாடம் நடத்தவில்லை. சுற்றியிருப்பவர்கள் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள், குழந்தை பிடித்துக்கொண்டது. சரி, நாமும் அப்படியே செய்வோம் என்று முடிவெடுத்தார் ஆன். பாட நேரம், அட்டவணை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, நாள் முழுக்க ஹெலனின் கைக்குள் முழு முழு வாக்கியமாகப் 'பேச' ஆரம்பித்தார். புரிகிறதோ இல்லையோ, நிறுத்தவில்லை.

அடிபம்பு கதவைத் திறந்தது என்றால், வீட்டுக்குள் அழைத்துப் போனது இந்த ஓயாத பேச்சுதான். சில மாதங்களில் ஹெலனிடம் நூற்றுக்கணக்கான வார்த்தைகள் இருந்தன. கடிதமே எழுதினார்.

நூற்றில் ஒரு வார்த்தை

ஹெலன் பிறந்த அதே 1880ல் இத்தாலியின் மிலன் நகரில் ஒரு மாநாடு நடந்தது. காது கேளாதோருக்குக் கல்வி தருபவர்களின் மாநாடு. வாயால் பேசுவதே உயர்ந்தது, சைகை மொழி பள்ளிகளில் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள்! அதன் பிறகு பல நாடுகளில் பிள்ளைகளின் கைகளை அடக்கி வைத்து, உதடுகளை அசைக்கச் சொல்லும் காலம் வந்தது. அமெரிக்காவில் இந்த வாய்ப்பேச்சு இயக்கத்தின் முன்னணி ஆள், ஹெலன் குடும்பத்துக்கு நண்பரான பெல்.

ஹெலனுக்கும் அந்த ஆசை இருந்தது. நார்வேயில் தன்னைப் போன்ற ஒரு பெண்ணுக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று 1890ல் தெரிந்ததும் பிடிவாதம் பிடித்தார். பாஸ்டனில் சாரா ஃபுல்லர் என்ற தலைமை ஆசிரியை 11 பாடங்கள் நடத்தினார். எப்படி? ஆசிரியை ஓர் ஒலியை எழுப்பும்போது ஹெலன் அவர் முகத்தைத் தொட்டு, உதடும் நாக்கும் எங்கே இருக்கின்றன என்று உணர வேண்டும். பிறகு தன் வாயில் அதே போல் வைத்துப் பார்க்க வேண்டும்.

நமக்கு இது எவ்வளவு கடினம் என்று உடனே தெரியாது. நாம் பேசும்போது நம் குரல் நம் காதுக்கே கேட்கிறது, தப்பானால் திருத்திக்கொள்கிறோம். ஹெலனுக்கு அந்த வழியே இல்லை. தவறா சரியா என்பதை வேறு யாராவது அவர் கையில் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

ஊருக்கு ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் ஆனிடம் பேசிப் பேசிப் பயிற்சி எடுத்தாராம், சும்மா பேச்சுக்காக அல்ல, வீட்டாரிடம் வாயால் பேசிக் காட்ட வேண்டும் என்பதற்காக. ஸ்டேஷனில் மொத்தக் குடும்பமும் நின்றது. அம்மா அவரை இறுக்கி அணைத்துக்கொண்டார். அப்பாவால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆனா வெளியாள் ஒருவருக்கு அவர் பேசியதில் நூற்றில் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. இதை ஹெலனே மறைக்காமல் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1913ல் நியூஜெர்சியின் மாண்ட்கிளேரில் முதல் பொதுக்கூட்டப் பேச்சு. மேடையில் குரல் அவர் சொன்னபடி கேட்கவில்லை. இறங்கி ஓடிப்போய் அழுதார். ஆனாலும் விடவில்லை, கடைசிவரை மேடை ஏறினார். அவர் பேசப் பேச, பக்கத்தில் நிற்பவர் அதையே திருப்பிச் சொல்வார்.

11 வயதில் ஒரு விசாரணை

ஹெலனின் வாழ்க்கையில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் பகுதி இதுதான்.

1891ல், 11 வயதில், 'தி ஃப்ராஸ்ட் கிங்' என்று ஒரு சிறுகதை எழுதி, பெர்கின்ஸ் பள்ளி இயக்குநர் மைக்கேல் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அவருக்கு ஏக சந்தோஷம். அச்சிலும் வந்தது. பிறகு ஒருவர் கண்டுபிடித்தார், மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதிய ஒரு கதையைப் போலவே இது இருக்கிறது என்று.

நடந்தது இதுதான். சில வருஷத்துக்கு முன் யாரோ அந்தக் கதையை ஹெலனின் கையில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். கேட்ட ஞாபகம் போய்விட்டது, வார்த்தைகள் மட்டும் உள்ளே தங்கிவிட்டன. தன் கற்பனை என்றே நம்பி எழுதியிருக்கிறார். எழுதுகிற யாருக்கும் நேரக்கூடியது.

ஆனா ஹெலனுக்குக் கிடைத்தது ஒரு விசாரணைக் குழு. எட்டு பேர். ஆனை வெளியே அனுப்பிவிட்டு, சிறுமியைத் தனியாக உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி. நாலு பேர் ஹெலன் பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம். அனாக்னோஸ் தன் வாக்கை ஹெலனுக்கே போட்டார். ஆனா பிறகு அவரும் மனம் மாறி விலகிவிட்டார்.

அன்று ராத்திரி படுக்கையில் அழுத ஹெலன், அதற்குப் பிறகு நீண்ட காலம் எழுதவே பயந்தார். ஒரு சாதாரணக் கடிதம் எழுதும்போதுகூட, இந்த வாக்கியம் என்னுடையதா, யாராவது கையில் எழுதியதா என்று சந்தேகம் வரும். மார்க் ட்வைன் பல வருஷம் கழித்து இதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போய், உலகத்தில் எல்லா எழுத்துமே கேட்டதையும் படித்ததையும் வைத்து எழுதியதுதான் என்று ஆறுதலாகக் கடிதம் போட்டார்.

கருத்து சொன்னால் கசந்தது

1904ல் ராட்கிளிஃப் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒருவர் அந்தப் பட்டம் பெறுவது அதுவே முதல்முறை. வகுப்பில் பேராசிரியர் பேசுவதை ஆன் பக்கத்தில் உட்கார்ந்து கையில் எழுதிக்கொண்டே இருந்தார். படிக்கும்போதே வந்தது 'தி ஸ்டோரி ஆஃப் மை லைஃப்', 1903ல். பெரிய வெற்றி.

பிரச்சினை அடுத்து தொடங்கியது. பத்திரிகைகள் அவரிடம் கேட்டதெல்லாம் ஒரே விஷயம்: உங்களைப் பற்றி எழுதுங்கள். சுங்க வரி பற்றி, நாட்டின் இயற்கை வளம் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்க ஆளில்லையே என்று 1908ல் வந்த தன் புத்தகத்தின் முன்னுரையிலேயே கிண்டலடித்தார்.

கேட்காவிட்டால் என்ன, அவரே சொன்னார். 1909ல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பார்வை இழப்புக்குப் பின்னால் வறுமையும் தொழிற்சாலை விபத்துகளும் இருக்கின்றன என்று படித்துப் புரிந்துகொண்டதுதான் அவரை அங்கே கொண்டுபோனது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். கறுப்பின மக்களின் உரிமை அமைப்புக்கு 100 டாலர் அனுப்பி ஆதரவுக் கடிதமும் எழுத, அலபாமாவில் சொந்தக் குடும்பமே சங்கடப்பட்டது.

அதுவரை புகழ்ந்த பத்திரிகைகளின் குரல் மாறியது. புரூக்ளின் ஈகிள் பத்திரிகை, அவருடைய தவறான அரசியலுக்கு அவரது உடல் குறைதான் காரணம் என்று எழுதியது. அந்த ஆசிரியர் ஒருகாலத்தில் தன்னைச் சந்தித்து வெட்கப்படும் அளவுக்குப் பாராட்டியவர், சோஷலிசம் என்றதும் என் கண்ணும் காதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டன என்று திருப்பி அடித்தார் ஹெலன். இன்னொரு பக்கம், இதெல்லாம் ஆன் சல்லிவனும் அவர் கணவர் ஜான் மேசியும் ஊட்டிய கருத்து என்றார்கள். இத்தனைக்கும் ஆனுக்கு அப்போது சோஷலிசத்தில் பெரிய பிடிப்பே இல்லை.

நல்ல பிள்ளையாக நம்பிக்கை வார்த்தை சொன்னவரை வார்த்தைக்கு வார்த்தை நம்பினார்கள். கூலி, போர், இனம் என்று பேசியதும் யாரோ சொல்லிக்கொடுத்தது என்றார்கள். ஜெர்மனியில் நாஜி மாணவர்கள் மட்டும்தான் அவர் எழுத்தை அவருடையதாகவே எடுத்துக்கொண்டார்கள்போல, 1933ல் எரித்தார்கள்!

சொந்த வாழ்க்கையிலும் இதே கதை. 1916ல் பீட்டர் ஃபேகன் என்ற இளம் உதவியாளர் விரல் எழுத்து கற்றுக்கொண்டு ஹெலனிடம் நேரடியாகப் பேசினார். இருவரும் காதலித்தார்கள். திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்த செய்தி பத்திரிகையில் வந்துவிட, அம்மா தடுத்துவிட்டார். அப்போது ஹெலனுக்கு வயது 36.

கை மட்டும் போதுமா?

நிறம், ஒளி பற்றியெல்லாம் எழுத இவருக்கு என்ன உரிமை, பார்த்ததே இல்லையே என்றும் கேட்டார்கள். கேட்டவர்களில் தாமஸ் கட்ஸ்ஃபோர்த் என்ற பார்வையற்ற உளவியலாளரும் உண்டு. இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ஆனா நாமும் பார்க்காத கடலையும் போகாத போரையும் வார்த்தை வழியாகத்தானே தெரிந்துவைத்திருக்கிறோம்?

தவிர, அவர் கை எதையெல்லாம் பிடித்தது என்று பாருங்கள். 1924ல் ஒரு ராத்திரி, வானொலிப் பெட்டியின் ஒலி தரும் தகட்டின் மேல் விரல்களை வைத்து பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை உணர்ந்தார். எந்த இடத்தில் மனிதக் குரல்கள் சேர்கின்றன என்பதுகூட விரலுக்குத் தெரிந்தது. மார்த்தா கிரகாமின் நடனக் கூடத்துக்குப் போய் ஆட்டத்தைத் தரையின் அதிர்விலும் ஆடுபவரின் உடலிலும் தொட்டுப் பார்த்தார். ஒருவர் பேசும்போது கட்டைவிரலைத் தொண்டையிலும், ஆள்காட்டி விரலை உதட்டிலும், நடுவிரலை மூக்கின் பக்கமும் வைத்து அவர் சொல்வதைப் படிப்பார். 1955ல் இந்தியா வந்தபோது நேருவின் முகத்தையும் விரல்களால் தடவித்தான் அறிந்துகொண்டார்.

இத்தனை வழிகள் இருந்தும், 1950களில் எடுத்த ஒரு படத்தில் அவர் சொன்னது கேட்பவரைக் கலங்க வைக்கும். தன்னை மிகவும் வாட்டியது பார்வையின்மையோ காது கேளாமையோ இல்லை, சாதாரணமாகப் பேச முடியாமல் போன ஏமாற்றம்தான் என்கிறார். அதை அவர் வாயாலேயே சொல்கிறார். உதவியாளர் பாலி தாம்சன் பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்ன பிறகுதான் நமக்குப் புரிகிறது.

அது அவர் குறையா, வாயால் வந்தால்தான் பேச்சு என்று வைத்திருந்த காலத்தின் குறையா? காது கேளாதோர் சமூகத்தில் பலருக்கு இந்த விஷயத்தில் ஹெலன் மேல் வருத்தமே உண்டு. பெல்லின் பக்கம் நின்று, பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சுதான் வேண்டும் என்று அவரும் பிரசாரம் செய்தார். சைகை மொழி தனக்கென்று இலக்கணம் உள்ள முழு மொழி என்று வில்லியம் ஸ்டோகி என்ற ஆய்வாளர் எழுதிக் காட்டியது 1960ல்தான். அப்போது ஹெலனுக்கு 80 வயது. மிலன் மாநாட்டு முடிவுகளை அதே மாநாட்டு அமைப்பு முறைப்படி நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010 ஆனது.

ஆன் சல்லிவன் 1936 அக்டோபரில் காலமானார். ஹெலன் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆன் போனால் ஹெலனின் எழுத்தும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நிற்கவில்லை. ஆனைப் பற்றி எழுதிவந்த புத்தகத்தின் கைப்பிரதி 1946ல் வீடு தீப்பிடித்தபோது சாம்பலானது. மறுபடி முதலிலிருந்து எழுதி, 1955ல் வெளியிட்டார்.

1968 ஜூன் 1ம் தேதி, 88வது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, கனெக்டிகட்டில் தூக்கத்திலேயே காலமானார் ஹெலன். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் ஆன், பாலி இருவரோடும் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இருக்கும் பெயர்ப் பலகையில் பிரெய்ல் எழுத்துகளும் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் புள்ளிகள் தேய்ந்துபோய், பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.